டாஸுக்கு ஓர் இலகுவான பல்பணி வாரிசு: முதன்முறை வடிவமைப்பவர்களுக்கான வழிகாட்டி

பழைய தனிக்கணினிகளில் ஓடிய டாஸ் இயங்குதளத்தின் மீது இன்றும் பற்று வைத்திருப்பவர்கள் பலரும் ஒரே ஆசையைச் சொல்வார்கள்: அதே கட்டளைவரி, அதே சிறிய உருவம், அதே வேகம் எல்லாம் இருக்கட்டும், ஆனால் ஒரு நிரல் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு நிரலில் எழுத முடிந்தால் போதும். பல்பணி என்ற இந்த ஆசை நிறைவேறக்கூடியதே. சி மொழியில் சுட்டிகளைத் தயக்கமின்றிக் கையாளத் தெரிந்து, அசெம்பிளி மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளவும் முடிகிற ஒருவர், தளராமல் உழைத்தால் அத்தகைய ஓர் இயங்குதளத்தைத் தனியாகவே கட்டி எழுப்பலாம். எந்த வரிசையில் கட்ட வேண்டும், எந்த இடங்களில் நேரம் வீணாகும் என்பதையே இக்கட்டுரை சொல்கிறது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பணிமாற்றத்தில்தான், அதாவது ஒரு நிரலை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓடவிடும் நிரல்துண்டில்தான், கடினம் இருப்பதாக எண்ணுகிறார்கள். அந்தத் துண்டு ஐம்பது வரிக்குள் அடங்கிவிடும். உண்மையான கடினம் வேறிடத்தில் இருக்கிறது. டாஸ் காலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலே கணினி முழுவதற்கும் உரிமையாளர். திரை, விசைப்பலகை, நினைவகம், கடிகாரம் அனைத்தும் அதற்கே சொந்தம். இரண்டாவது நிரல் வந்த நொடியில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளர் யார் என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதி வைப்பதுதான் வடிவமைப்பு.

முதல் படி: பழையதைப் படித்துப் பொதுச் சொத்துகளைப் பட்டியலிடுதல்

நிரல் எழுதத் தொடங்கும் முன் இரண்டு வாரமாவது டாஸின் உட்புறத்தைப் படியுங்கள். எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 ஆகிய பதிப்புகளின் மூலநிரல் 2018இலும், 4.00 பதிப்பின் மூலநிரல் 2024இலும் எவரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தின்கீழ் வெளியாயின. டாஸின் இலவச மறுவடிவமான ஃப்ரீடாஸின் கெர்னலும், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியும், திறந்த மூலநிரல்தான். பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டிருப்பதால் படிக்க அது எளிது. ஆனால் அது ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், அதிலிருந்து வரிகளை எடுத்துச் சேர்த்தால் உங்கள் கெர்னலையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டியிருக்கும். இந்த முடிவை முதல் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

படிக்கும்போது ஒரு தாளை அருகில் வைத்துக்கொண்டு, கணினி முழுவதற்கும் ஒன்றே ஒன்று என்று டாஸ் வைத்திருக்கும் ஒவ்வொரு பொருளையும் குறித்துக்கொள்ளுங்கள். நடப்பு அடைவு அவற்றுள் ஒன்று. ஒரு நிரல் அடைவை மாற்றிவிட்டு முடிந்துபோனால், திரும்பி வரும் கட்டளைவரியும் அந்தப் புதிய அடைவிலேயே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விவரம் நிரலுக்கு உரியதாக இல்லாமல், ஒவ்வொரு டிரைவுக்கும் ஒன்றாக, கணினி முழுவதற்கும் பொதுவாக வைக்கப்பட்டிருப்பதே காரணம். குறுக்கீட்டு முகவரிகளின் அட்டவணை (ஓடும் வேலையை இடைநிறுத்தி வரும் அழைப்பே குறுக்கீடு), 0040:006சி என்ற இடத்தில் உள்ள கடிகார எண்ணி, திரையில் கர்சர் நிற்கும் இடம், விசைப்பலகையின் காத்திருப்பு வரிசை ஆகியவையும் அப்படியே.

இந்தப் பட்டியலில் மிக முக்கியமான பொருள் கண்ணுக்குத் தெரியாதது: டாஸின் சொந்த ஸ்டாக், அதாவது நடக்கும் வேலையின் விவரங்களை அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதி. ஒரு நிரல் இன்ட் 21ஹெச் குறுக்கீட்டின் (ஹெச் என்பது பதினாறடிமான எண்ணைக் குறிக்கும்) வழியாக உதவி கேட்டதும், டாஸ் தனக்கென வைத்திருக்கும் ஸ்டாக்குக்கு மாறிக்கொள்கிறது. அந்த வேலை முடியும் முன் இரண்டாவது நிரலும் உதவி கேட்டால், முதல் நிரல் விட்டுச்சென்ற விவரங்களின் மேலேயே புதியவை எழுதப்படும். டாஸ் மறுநுழைவுக்கு உரியதல்ல என்று சொல்வதன் பொருள் இதுவே. நினைவகத்திலேயே தங்கியிருக்கும் சிறு நிரல்களை அந்நாளில் எழுதியவர்கள், 34ஹெச் சேவையின் மூலம் இன்டாஸ் என்ற கொடியின் முகவரியைப் பெற்று, அது பூஜ்யமாக இருக்கும்போது மட்டும் கோப்புகளைத் தொட்டார்கள். அது தற்காலிக ஒட்டு. அதன்மேல் ஓர் இயங்குதளத்தை எழுப்ப முடியாது.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு பொருளின் எதிரிலும் மூன்று சொற்களில் ஒன்றை எழுதுங்கள்: தனி, பொது, கடன். ஒவ்வொரு பணிக்கும் சொந்தப் பிரதி தர வேண்டியவை தனி. நடப்பு அடைவும் கோப்பு எண்களின் அட்டவணையும் இவ்வகை. அனைவரும் கெர்னலின் வழியாக மட்டும் தொடக்கூடியவை பொது. வட்டும், எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் ஃபேட் அட்டவணையும் இவ்வகை. ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துத் திரும்பப் பெறுபவை கடன். உண்மையான திரை, ஒலி அட்டை, அச்சுப்பொறி ஆகியவை இவ்வகை. மீதி வடிவமைப்பு முழுவதும் இந்தத் தாளிலிருந்தே பிறக்கும். அதை அழியாமல் வைத்திருங்கள்.

இரண்டாம் படி: டாஸின் மேலா, கீழா?

பல்பணியை டாஸின் மேல் வைப்பதா, டாஸுக்குக் கீழே புதிய கெர்னலை வைப்பதா என்பது அடுத்த முடிவு. இரு வழிகளிலும் முன்னோர் நடந்திருக்கிறார்கள். 1985இல் வந்த டெஸ்க்வியூ டாஸின் மேல் அமர்ந்து, அதன் குறுக்கீடுகளைப் பிடித்து, நிரல்களுக்கு நேரத்தைப் பங்கிட்டது. 1986இல் மைக்ரோசாஃப்ட் ஐரோப்பியக் கணினி நிறுவனங்கள் சிலவற்றுக்காக டாஸையே திருத்தி, பல்பணி செய்யும் எம்எஸ்-டாஸ் 4.0 என்ற பதிப்பை வெளியிட்டது. (1988இல் வந்த, பலரும் அறிந்த 4.0 வேறு, அதில் பல்பணி கிடையாது. மூலநிரல் வெளியாகியிருப்பது இந்த இரண்டாவது மரபைச் சேர்ந்தது என்பதால், அதில் பல்பணியைத் தேடி ஏமாற வேண்டாம்.) 1987 டிசம்பரில் வந்த ஓஎஸ்/2, 80286 என்ற செயலிச் சில்லுக்காகப் புதிதாக எழுதப்பட்டது, ஆனால் அச்சில்லினால் பழைய டாஸ் நிரல்களைப் பாதுகாப்பாகத் தனிமைப்படுத்த இயலாததால், ஒரே ஒரு டாஸ் நிரலுக்குத்தான் அதில் இடமிருந்தது.

என் உறுதியான பரிந்துரை கீழிருந்து கட்டுவதே. 1985இல் வந்த 80386 சில்லு அதற்குத் தேவையான எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது: 4 கிலோபைட் பக்கங்களாக நினைவகத்தைப் பிரித்துப் பாதுகாக்கும் வசதி, பழைய நிரல்களைச் சிறு பெட்டிகளுக்குள் வைத்து ஓட்ட உதவும் விர்ச்சுவல் 8086 மோட். அதற்கு முந்தைய சில்லுகளை இலக்காக்கினால், ஒரு பழைய நிரலின் பிழை எல்லாவற்றையும் வீழ்த்திவிடும். மறுபுறம், இன்றைய சில்லுகளின் 64 பிட் இயக்கமுறையான லாங் மோடில் விர்ச்சுவல் 8086 வசதியே இல்லை. அங்கே பழைய நிரல்களை ஓட்ட, 8086 சில்லையே மென்பொருளில் போலிசெய்ய வேண்டும். கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய பயாஸும் புதிய கணினிகள் பலவற்றில் இல்லை. ஆகவே 32 பிட் 386ஐ இலக்காக வைத்து, கணினியையே மென்பொருளில் போலிசெய்யும் போலிமம் ஒன்றில் உருவாக்கத் தொடங்குவதே புதியவருக்கு ஏற்றது.

இலகு என்ற சொல்லுக்கும் இப்போதே எண்ணில் எல்லை வகுத்துவிடுங்கள். கெர்னல் 200 கிலோபைட்டைத் தாண்டாது, 4 மெகாபைட் நினைவகத்தில் இரண்டு டாஸ் பெட்டிகளோடு ஓடும் என்பது நியாயமான எல்லை. எண் இல்லாவிட்டால் ஒவ்வொரு வசதியும் சிறியதாகவே தோன்றும். ஓராண்டு கழித்துத்தான் கனம் தெரியும்.

மூன்றாம் படி: கருவிகளும் தொடக்கமும்

நாஸம் என்ற அசெம்பிளரும், 32 பிட்டுக்கு நிரல் தரக்கூடிய ஜிசிசி தொகுப்பியும் போதும். ஓட்டிப் பார்க்க கியூஈமு வேகமானது. கட்டளை கட்டளையாக நிறுத்திப் பார்க்க பாக்ஸ் போலிமத்தின் பிழைகாணி சிறந்தது. கெர்னல் கடுமையாகத் தவறினால் கணினி உடனே மறுதொடக்கமாகி, தவற்றின் தடயமே அழிந்துவிடும். கியூஈமுவில் மறுதொடக்கத்தைத் தடுக்கும் தெரிவை எப்போதும் இட்டுவைத்தால் பல மணி நேரம் மிச்சமாகும்.

பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை 7சி00ஹெச் முகவரியில் ஏற்றி ஓடவிடும். அந்தச் சிறு துண்டு கெர்னலை வட்டிலிருந்து படித்து, ஒரு மெகாபைட்டுக்கு மேலுள்ள நினைவகத்தை எட்ட உதவும் ஏ20 என்ற முகவரிக் கம்பியைத் திறந்து, நினைவகப் பாதுகாப்பு உள்ள புரொடெக்டெட் மோடுக்கு மாறிக் கட்டுப்பாட்டை ஒப்படைக்க வேண்டும். சொந்தத் தொடக்க நிரல் எழுதுவதில் மகிழ்ச்சி உண்டு என்றாலும், அதில் மாதக்கணக்கில் தங்கிவிட வேண்டாம். ஏற்கெனவே உள்ள ஒன்றைப் பயன்படுத்துவதில் குறையேதும் இல்லை.

நான்காம் படி: கடிகாரமும் பணிமாற்றமும்

கணினியின் நேரச் சில்லு நொடிக்கு 1193182 முறை துடிக்கிறது. டாஸ் காலத்தில் அதை 65536ஆல் வகுத்ததால் நொடிக்கு ஏறக்குறைய 18.2 குறுக்கீடுகள் கிடைத்தன. அதாவது இரண்டு துடிப்புகளுக்கு இடையே 55 மில்லிநொடி. விசையை அழுத்தியதும் எழுத்து தோன்ற வேண்டிய கட்டளைவரிக்கு இது மந்தமானது. 11932 என்ற வகு எண்ணை இட்டால் நொடிக்கு 100 குறுக்கீடுகள் கிடைக்கும். ஒவ்வொரு பணிக்கும் இரண்டு அல்லது மூன்று துடிப்புகள் கொடுக்கலாம்.

அதற்கு முன் செய்தே ஆக வேண்டிய ஒரு வேலை, குறுக்கீட்டுச் சில்லின் எண்களை நகர்த்துவது. பயாஸ் முதல் எட்டு வன்பொருள் குறுக்கீடுகளை 8 முதல் 15 வரையுள்ள எண்களில் வைத்திருக்கிறது. புரொடெக்டெட் மோடில் அதே எண்கள் சில்லின் பிழை அறிவிப்புகளுக்கு உரியவை. நகர்த்த மறந்தால், முதல் கடிகாரத் துடிப்பே பெரும் பிழையின் அறிவிப்பைப் போலத் தோன்றி உங்களைத் தவறான திசையில் தேடவைக்கும். 32ஆம் எண்ணிலிருந்து தொடங்குமாறு நகர்த்துவதே வழக்கம்.

ஒவ்வொரு பணிக்கும் கெர்னலுக்குள் தனி ஸ்டாக் ஒன்று கொடுங்கள். 4 கிலோபைட் போதுமானது. டாஸின் மறுநுழைவுச் சிக்கல் இந்த ஒரே முடிவில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. பணிமாற்றம் என்பது ரெஜிஸ்டர்களை (சில்லுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்களை) பழைய பணியின் ஸ்டாக்கில் அடுக்கி, ஸ்டாக் சுட்டியை மாற்றி, பணியின் பக்கங்கள் நினைவகத்தில் எங்கே உள்ளன என்று குறிக்கும் பக்க அட்டவணையை மாற்றி, புதிய பணியின் ரெஜிஸ்டர்களை எடுப்பது மட்டுமே. சில்லே பணிமாற்றத்தைச் செய்து தரும் வன்பொருள் வசதியைத் தவிருங்கள். மென்பொருளால் மாற்றினால் தவறு எங்கே என்று காண்பது எளிது.

கெர்னலுக்குள் இருக்கும் பணியைப் பாதியில் பிடுங்கக் கூடாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயனர் நிரலை எந்தக் கணத்திலும் நிறுத்தலாம். ஆனால் கெர்னலுக்குள் நுழைந்த பணி தானாகக் காத்திருக்கச் செல்லும்போதோ வெளியேறும்போதோ மட்டுமே மாற்றம் நடக்கட்டும். இதனால் சில மில்லிநொடிகள் தாமதமாகலாம். ஆயினும், பொதுப் பொருளை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே தொடச் செய்யும் பூட்டுகளை மறந்ததால் வரும், மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாத பிழைகளில் பெரும்பகுதி பிறக்காமலேயே போகும். ஒற்றைப் பயனருக்கான சிறிய இயங்குதளத்தில் இது மிக நல்ல பேரம் என்பது என் கருத்து.

அடுத்து எந்தப் பணி ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலரை எளிதாக வையுங்கள். வரிசையில் நிற்கும் பணிகளுக்கு முறைவைத்து நேரம் கொடுத்து, திரையில் முன்னால் இருக்கும் பணிக்கு மட்டும் ஒரு பங்கு கூடுதலாகத் தந்தால் போதும். எந்தப் பணியும் இல்லாதபோது சில்லை உறங்கவைக்கும் வெற்றுப் பணி ஒன்று இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பழைய நிரல்களுக்கான பெட்டிகள்

வாரிசு என்ற பெயருக்கு உரிமை தருவது இந்தப் படிதான். இது இல்லாவிட்டால் நீங்கள் எழுதுவது கட்டளைவரி கொண்ட மற்றுமோர் இயங்குதளமாகவே இருக்கும்.

விர்ச்சுவல் 8086 மோடில் ஓடும் நிரல், தான் ஒரு மெகாபைட் கொண்ட பழைய கணினியில் இருப்பதாகவே நம்புகிறது. உண்மையில் அந்த ஒரு மெகாபைட் 256 பக்கங்களாகப் பிரிந்து, நினைவகத்தில் நீங்கள் விரும்பிய இடங்களில் கிடக்கிறது. தொடாத பக்கங்களுக்கு நினைவகம் ஒதுக்கவே தேவையில்லை. தொடும்போது எழும் பிழை அறிவிப்பில் ஒதுக்கிக்கொள்ளலாம். பயாஸின் நிலை நினைவகம் எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவாக, எழுத முடியாதபடி இருக்கட்டும். ஒரு மெகாபைட்டைத் தாண்டும் முகவரிகள் பழைய சில்லில் சுற்றித் திரும்பித் தொடக்கத்துக்கே வந்தன. அதை நம்பிய நிரல்களுக்காக, அடுத்த 16 பக்கங்களை முதல் 16 பக்கங்களோடு இணைத்துவிடுங்கள்.

இப்பெட்டிக்குள் உள்ள நிரல் குறுக்கீட்டை அழைத்தாலோ, குறுக்கீடுகளைத் தடுக்கவோ அனுமதிக்கவோ முயன்றாலோ, அதற்கு உரிமை போதாது என்று சில்லு கெர்னலிடம் புகார் செய்யும். கெர்னல் அந்தக் கட்டளையைப் படித்துப் பார்த்து, அதன் விளைவை அந்தப் பெட்டிக்குள் மட்டும் நிகழ்த்த வேண்டும். எடுத்துக்காட்டாக, குறுக்கீடுகளைத் தடுக்கும் கட்டளை வந்தால், அந்தப் பணியின் விவரக் குறிப்பில் ஒரு கொடியை மாற்றினால் போதும்; உண்மையான சில்லில் எதுவும் மாறக் கூடாது. இன்ட் 21ஹெச் அழைப்பு வந்தால், கோப்புச் சேவைகளை கெர்னலின் சொந்தக் கோப்பு முறைமைக்குத் திருப்பிவிடுங்கள். பெட்டிக்குள் ஒரு முழு டாஸை ஏற்றி, அதையே பதில் சொல்லவைக்கும் வழியும் உண்டு. தொடக்கத்தில் அது விரைவானது என்றாலும், இரண்டு பெட்டிகள் ஒரே வட்டில் எழுதும்போது ஃபேட் அட்டவணை சிதைந்துவிடும். எனவே வட்டு எப்போதும் கெர்னலின் கையிலேயே இருக்கட்டும்.

திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டாஸ் நிரல்கள் பெரும்பாலும் சேவைகளைக் கேட்காமல் பி8000ஹெச் முகவரியில் நேரடியாக எழுதின. 80 பத்திகளும் 25 வரிகளும் கொண்ட ஒரு திரைக்கு 4000 பைட் போதும் என்பதால், இது வடிவமைப்பவருக்கு நல்வாய்ப்பாக அமைகிறது. பின்னால் இருக்கும் பணிக்கு அந்த முகவரியில் ஒரு சாதாரண நினைவகப் பக்கத்தை வையுங்கள். அது மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டிருக்கும். பயனர் அதை முன்னால் அழைத்ததும், அந்தப் பக்கத்தின் உள்ளடக்கத்தை உண்மையான திரைக்கு நகலெடுத்து, பக்க அட்டவணையில் உண்மையான முகவரியை எழுதுங்கள். கர்சரின் இடம், திரையின் வகை ஆகிய விவரங்களையும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகச் சேமிக்க மறக்காதீர்கள். வரைகலை நிரல்களைப் பின்னால் ஓட அனுமதிப்பது பெருஞ்சுமை. பின்னால் சென்றதும் அவற்றை நிறுத்திவைப்பதே முதல் பதிப்புக்குப் போதும்.

பழைய நிரல்களின் இன்னொரு வழக்கம், விசை அழுத்தப்பட்டதா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பது. தனியாக ஓடியபோது இதனால் கேடில்லை. பல்பணியில் அது அடுத்தவரின் நேரத்தைத் தின்கிறது. ஒரே துடிப்புக்குள் இருபது முப்பது முறை கேட்டும் விசை எதுவும் வரவில்லை என்றால், அந்தப் பணியின் மீதி நேரத்தைப் பிறருக்குக் கொடுத்துவிடுங்கள். உரிய சேவையின் மூலம் நேரத்தை விட்டுக்கொடுக்கத் தெரிந்த நிரல்களும் உண்டு. இன்ட் 2எஃப்ஹெச் குறுக்கீட்டின் 1680ஹெச் சேவை அதற்கானது. கடிகாரத்தையும் கவனியுங்கள்: உங்கள் கெர்னல் நொடிக்கு 100 முறை துடித்தாலும், பெட்டிக்குள் 18.2 முறை மட்டுமே குறுக்கீடு தெரிய வேண்டும். இல்லையேல் விளையாட்டுகளும் காத்திருப்பு நேரங்களும் ஐந்து மடங்கு வேகமாக ஓடும்.

ஆறாம் படி: கோப்பு முறைமை

ஃபேட் முறைமையையே வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா இயங்குதளங்களும் அதைப் படிக்கும். 32 பைட் கொண்ட அடைவுப் பதிவு, தொகுதிகளைச் சங்கிலியாகக் கோக்கும் அட்டவணை என்ற எளிய அமைப்பு அது. புதுமை வேண்டியது பூட்டுகளில்தான். ஒரு கோப்பை எத்தனை பேர் திறந்திருந்தாலும், நினைவகத்தில் அதற்கு ஒரே ஒரு விவரக் குறிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் கோப்பை நீட்டியது மற்றவருக்குத் தெரியாமல் பழைய அளவையே அவர் பார்த்துக்கொண்டிருப்பார். காலித் தொகுதியைத் தேடுவதும் அதை எடுத்துக்கொண்டதாகக் குறிப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். எழுதும் வரிசையும் முக்கியம்: முதலில் தரவு, பிறகு ஃபேட் அட்டவணை, இறுதியில் அடைவுப் பதிவு. இடையே மின்சாரம் நின்றால் உரிமையாளர் இல்லாத தொகுதிகள் மட்டுமே மிஞ்சும். இரு கோப்புகள் ஒரே தொகுதியைத் தமதென்று சொல்லும் கேடு நேராது.

கோப்பைத் திறக்கும்போதே யார் பகிரலாம் என்று குறிப்பிடும் முறை 1984இல் வந்த டாஸ் 3.0 முதலே இருக்கிறது. அதையே பின்பற்றினால் பழைய நிரல்கள் மாற்றமின்றி ஓடும்.

ஏழாம் படி: கட்டளைவரி

பயனர் பல்பணியை முதலில் உணரும் இடம் இதுவே. டாஸில் இரண்டு கட்டளைகளைக் குழாய்க்குறியால் (|) இணைத்தால், முதல் கட்டளை முழுவதும் முடிந்து அதன் விளைவு தற்காலிகக் கோப்பில் எழுதப்பட்ட பிறகே இரண்டாவது தொடங்கும். உங்கள் வாரிசில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓட, இடையே 4 கிலோபைட் வட்டத் தாங்கி ஒன்று இருந்தால் போதும்: நிறைந்தால் எழுதுபவர் காத்திருப்பார், காலியானால் படிப்பவர் காத்திருப்பார், எழுதுபவர் எல்லாரும் மூடிவிட்டால் படிப்பவருக்கு முடிவு என்ற செய்தி போகும். கட்டளைவரி நிரல் குழாயின் எழுதும் முனையைத் தன்னிடமும் திறந்தே வைத்துவிட்டால், அந்த முடிவுச் செய்தி வரவே வராது; இத்தவற்றில் ஏறக்குறைய எல்லாரும் ஒருமுறையாவது விழுவார்கள்.

புதிய பணியைத் தொடங்க, தாய்ப் பணியைப் பிரதியெடுக்கும் யூனிக்ஸ் முறையைவிட, கோப்பின் பெயரைக் கொடுத்து நேரடியாகத் தொடங்கும் டாஸ் முறையே இலகுவானது. ஒரே வேறுபாடு, டாஸில் தாய்ப் பணி காத்தே தீர வேண்டும். இங்கே பணி எண்ணைப் பெற்றுக்கொண்டு தன் வேலையைத் தொடரலாம், வேண்டும்போது காத்திருக்கலாம். பின்னணிப் பணி ஒன்று விசைப்பலகையைப் படிக்க முயன்றால், முன்னால் அழைக்கப்படும் வரை அதை உறங்கவையுங்கள்.

எட்டாம் படி: சோதித்தல்

சாதாரண வேகத்தில் ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சோதனைக்கென நேரச் சில்லில் 1193 என்ற வகு எண்ணை இட்டு, நொடிக்கு ஆயிரம் முறை பணிமாற்றம் நடக்கச் செய்யுங்கள். பணிகளின் வரிசையையும் குலுக்கிவிடுங்கள். பூட்டு விடுபட்ட இடங்கள் சில நிமிடங்களில் வெளிப்படும். இரண்டு பெட்டிகளில் ஒரே அடைவுக்குள் நூற்றுக்கணக்கான கோப்புகளை நகலெடுக்கவைத்து, பிறகு வட்டை வேறோர் இயங்குதளத்தில் சரிபார்க்கும் நிரலால் ஆராயுங்கள். உங்கள் கெர்னலின் தவற்றை உங்கள் சொந்தச் சரிபார்ப்பு நிரலும் திரும்பச் செய்யக்கூடும். ஒரு பணியைத் தொடங்குவதற்கு முன் காலிப் பக்கங்களை எண்ணி, அதைப் பாதியில் கொன்றுவிட்டு மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தாலும், முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, தனி என்று குறித்தவற்றுள் எதைத் திருப்பிக் கொடுக்க மறந்தீர்கள் என்று வரிசையாகத் தேடுங்கள்.